அண்ணன் சாகாத படம்

பாலக்கரை வீட்டில் ஞாயிறு மதியம். ஒரு ஹாங்காங் சண்டைப் படத்தை ஹாலிவுட்காரர்கள் திரும்ப எடுத்தது, தமிழ்க் குரலில் டிவியில் ஓடுகிறது. ஜன்னல் வெயில் விழுந்து திரையில் பாதி ஆட்கள் தெரியவில்லை. அந்தப் பழைய ஹாங்காங் படத்தை என் கணவர் அமிர்தசாமி சிடியில் போட்டு, தனக்குத் தெரியாத சீன மொழிக்குத் தானே தமிழ் வசனம் பேசுவார். தம்பிக்காக அடிவாங்கி விழும் அண்ணன் அவர் சொன்ன கதையில் மயங்கித்தான் கிடப்பான், பிறகு ஊருக்குப் போய்விடுவான். இந்தப் படத்தில் தம்பி, செத்த அண்ணனின் கண்களை மூடிவிடுகிறான். மகள் ஆன்சி சோற்றைப் பிசைவதை நிறுத்துகிறாள். "அப்பா சொன்னப்ப அண்ணன் சாகலையேம்மா?" "வெள்ளைக்காரங்க மாத்திட்டாங்க." "அப்பாதான் மாத்தியிருக்காரு. நம்ம ரெண்டு பேரையும் நல்லா ஏமாத்தியிருக்காரு." சிரிக்கப் பார்க்கிறாள், உதடு கோணிக்கொள்கிறது. இடது கையால் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்துகிறாள். மின்விசிறி மட்டும் கடகடக்கிறது. திரையில் தம்பியின் பக்கத்தில் நிற்பவனின் வாய் அசைந்துகொண்டே இருக்கிறது. "அப்பா மாதிரி நீ பேசும்மா," என்கிறாள். அவள் அப்பாவை அடக்கம் செய்து வந்ததிலிருந்து நான் அதிகம் பேசுவதில்லை. செருமிக்கொள்கிறேன். "அழாதடா தம்பி. அண்ணன் முகத்துல கொஞ்சம் தண்ணி தெளி."