பல்லிக்குக் கருத்து

"யோவ் சேகரா, ஹல்லிக்கும் ஹள்ளிக்கும் வித்தியாசம் தெரியாதாய்யா உனக்கு?"

தியேட்டர் வாசலில் முப்பதடி போர்டு. அதன்மேல் சாய்த்த மூங்கில் ஏணியில் பெயின்ட் டப்பாவோடு சேகரன். பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கன்னடத்தில் ஹல்லி என்றால் பல்லி. ஹள்ளி என்றால் கிராமம். 'நகரத்தை விழுங்க வரும் பல்லி' என்று இருக்க வேண்டிய இடத்தில், ஆளுயர எழுத்தில், நகரத்தை விழுங்க ஒரு கிராமம் வந்துகொண்டிருந்தது.

படமோ இங்கிலீஷ். இந்த ஒரு வரியைப் படித்துத்தான் மைசூர்க்காரன் உள்ளே வர வேண்டும்.

முதலாளி போனிலேயே சொல்லிவிட்டார், எழுதினவனை இன்றைக்கே அனுப்பிவிடச் சொல்லி. மேனேஜர் நான் மறுபேச்சு பேசவில்லை. ஹனூரிலிருந்து பிரஷ்ஷோடு பஸ் ஏறி வந்த தமிழனுக்குக் கன்னட எழுத்து எங்கே தெரியப்போகிறது? நான் மைசூரிலேயே பிறந்தவன். கன்னடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சேகரன் பெண்டாட்டியும் இரண்டு பெண் பிள்ளைகளும் அவன் பிரஷ்ஷை நம்பித்தான் இருக்கிறார்கள். அதற்கு நான் என்ன செய்ய?

அப்போதுதான் ஒரு புரொபசர் வந்தார். தாடி, ஜோல்னாப் பை, பின்னால் இருபது மாணவர்கள். போர்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

இந்த வகையறாவைக் கண்டாலே எனக்கு ஆகாது. பல்லி பஸ்ஸைத் தூக்கி எறிய வேண்டும், ஜனம் வீல் என்று கத்த வேண்டும், படம் முடிந்தது. இதில் கருத்து எங்கிருந்து வந்தது? கருத்து வேண்டுமென்றால் லைப்ரரிக்குப் போகட்டுமே.

அவர் போர்டை நோக்கிக் கையை நீட்டிப் பாடம் நடத்த ஆரம்பித்தார். சுதந்திரம் வந்து ஐம்பது வருஷமாக நகரம்தான் கிராமத்தைத் தின்றதாம். அதன் காட்டைத் தின்றதாம், தண்ணீரைக் குடித்ததாம். தின்னப்பட்ட கிராமம்தான் இப்போது பூதமாகத் திரும்பி வருகிறதாம். பல்லி வெறும் வேஷமாம்.

மனுஷன் இன்னும் படத்தையே பார்க்கவில்லை!

கர்மம், கர்மம் என்று தலையில் அடித்துக்கொண்டேன். மாணவர்கள் கைதட்டினார்கள். கும்பலைப் பார்த்து ரோட்டில் போனவர்களும் நின்றார்கள். நின்றவர்கள் ஒவ்வொருவராக கவுன்டர் பக்கம் நகர்ந்தார்கள். அரை மணியில் மேட்னி ஹவுஸ்புல்.

காரில் வந்து இறங்கிய முதலாளி கூட்டத்தைப் பார்த்தார். புரொபசர் சொன்னதையும் கேட்டார். முகம் அப்படி மலர்ந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே சேகரனிடம் போய் முதுகில் தட்டினார். இனி எல்லாப் படத்துக்கும் போர்டு அவன்தானாம், மாதச் சம்பளமாம்.

எழுத்துத் தெரியாத ஒருவன், அர்த்தம் தெரியாத ஒருவர், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பல்லிப் படத்தைக் காவியமாக்கிவிட்டார்கள். தூ!

பெல் அடித்தது. கூட்டம் உள்ளே போனது. சேகரன் என் அருகில் வந்து, சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினான்.

முந்தின நாள் நான் எழுதிக் கொடுத்த வாசகம். என் கையெழுத்தில், கொட்டை எழுத்தில், ஹள்ளி. கீழே தமிழில், ஒரு எழுத்துகூட மாற்றாதே என்று அடிக்கோடு வேறு.

"பத்திரமா வச்சுக்கங்க சார். அடுத்த படத்துக்கும் கருத்தை நீங்களே எழுதிக் குடுத்துருங்க."