மூன்றாம் தொட்டி நண்டு

ஆய்வு நிதிக்கு விண்ணப்பம் எழுதுமுன் கேள்வியைக் கணிப்பு இயந்திரத்திடம் சொல்ல வேண்டும். அது விடையைச் சொல்லிவிட்டால் நிதி கிடையாது. தூத்துக்குடிக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியை திலகவதி காலையிலிருந்து பதினேழு கேள்விகள் கேட்டுவிட்டார். பதினேழுக்கும் பட்டென்று விடை வந்தது. மாலை ஐந்துக்குள் ஒன்றாவது தேறாவிட்டால் ஆய்வகத்துக்குப் பூட்டுதான்.

"என்னத்தக் கேட்டாலும் சொல்லிருதே, சனியன்!" என்றார், இருபது வருடமாக அங்கே நண்டுகளுக்கு இரை போடும் அந்தோணி. "இதையும் கேளுங்க மேடம். மூணாந் தொட்டி நண்டு நான் இரை போட்டா வலது கொடுக்கால வாங்குது. நீங்க போட்டா இடது. அது ஏன்?"

"நக்கலா?"

"சத்தியமா மேடம். தினமும் பாக்கேன்."

திலகவதி இரையை நீட்டினார். இடது கொடுக்கு வந்தது. அந்தோணி நீட்டியபோது வலது வந்தது. திலகவதி ஓடிப்போய் இயந்திரத்திடம் கேட்டார்.

அது வெகுநேரம் யோசித்து, "தெரியவில்லை" என்றது.

திலகவதி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, கண் கலங்கச் சிரித்தார்.

"விண்ணப்பத்துல உங்க பேரும் வரணும் அந்தோணி. முழுப்பேரு என்ன?"