ஹாஜியாரின் பிரஷர்

“தொண்ணூறு. இறங்கிக்கிட்டே இருக்கு டாக்டர்.”

நர்ஸ் நஜ்வா சொன்னதும் டாக்டர் சுஹைர் பிரஷர் காட்டும் மானிட்டர் பக்கம் திரும்பினாள். மயக்க மருந்து டாக்டர் அவள்தான். ஹாஜியார் புராவிக்குக் குடலிறக்க ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்திருந்தாள். மேலே முழு நினைவு, முழு வாய். வயதானவர்களுக்கு இந்த ஊசி போட்டால் பிரஷர் சரசரவென்று இறங்குவது சகஜம்தான். ஆனால் பிடித்து நிறுத்தாவிட்டால் இதயம் தாங்காது.

“ஹாஜியாரே, தலை சுத்துதா? குமட்டுதா?”

“எனக்கென்ன மகளே, கல்யாண வீட்டுல படுத்திருக்கற மாதிரி இருக்கு” என்றார் ஹாஜியார். ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் ஒலிவ எண்ணெய் ஆலை வைத்திருப்பவர். ஆலையில் அதட்டிப் பழகிய குரல் ஆபரேஷன் தியேட்டரிலும் குறையவில்லை.

அவர் தலைமாட்டில், பச்சைத் தொப்பியும் முகமூடியுமாக, போர்வைக்குள் கைவிட்டு அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான் வஜ்தி. போன வாரம் அவருடைய கடைசி மகள் ஒல்ஃபாவைப் பெண் கேட்டு வந்தவன். “ஆபரேஷனுக்கு நீ என் பக்கத்துல உக்காரு, அப்புறம் பதில் சொல்றேன்” என்றுவிட்டார் ஹாஜியார். துணை இல்லாமல் உள்ளே வரமாட்டேன் என்று அவர் அடம் பிடித்ததில், கத்தி பிடிக்கும் டாக்டர் மொன்சிஃப் தலையில் அடித்துக்கொண்டு சம்மதித்திருந்தார்.

“வஜ்தி, பயமா இருக்கா?”

“எனக்கா? என்ன மாமா நீங்க. ரத்தமெல்லாம் எனக்குத் தண்ணி மாதிரி.”

“அப்ப எந்திரிச்சுத் திரைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாரு. என் வயித்துல மொன்சிஃப் என்ன நோண்டுறான்?”

போர்வைக்குள் இருந்த கையை எடுக்காமலே வஜ்தி எட்டிப் பார்த்தான். பார்த்த வேகத்தில் உட்கார்ந்தான்.

“நல்லா... போயிட்டிருக்கு மாமா.”

“எண்பது” என்றாள் நஜ்வா.

சுஹைர் சலைனை வேகமாக ஓடவிட்டாள். கால்பக்கம் மேஜையை உயர்த்தச் சொன்னாள். பிரஷர் மசியவில்லை.

“டாக்டர், அது வந்து...” என்று இழுத்தான் வஜ்தி.

“நீ சும்மா இரு. அவங்க வேலையை அவங்க பாக்கட்டும்” என்று அடக்கினார் ஹாஜியார். “பெருநாளைக்கு ஆடு அறுப்பியா நீ?”

“அறுப்பேன் மாமா.”

“அறுத்தா மட்டும் ஆச்சா? குடலைச் சூடா இருக்கும்போதே உருவணும். உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி அலசணும். ஈரலும் கீரையும் நறுக்கி உள்ள திணிச்சு, வாயைத் தைச்சு உஸ்பான் பண்ணணும். எங்க வீட்டுல அதெல்லாம் மாப்பிள்ளை வேலை.”

திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர் மொன்சிஃப் யாரிடமோ, “குடலை மெதுவா உள்ள தள்ளுப்பா” என்றது தெளிவாகக் கேட்டது.

“எழுபது.”

சுஹைருக்கு வியர்த்தது. இத்தனை வருட வேலையில், எழுபது பிரஷரில் சமையல் குறிப்பு சொல்லும் நோயாளியை அவள் பார்த்ததில்லை. ஹாஜியாரின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். நாடி திடமாகத்தான் துடித்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. இந்த மனிதர் பேசிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டால் வெளியே நிற்கும் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வது?

“ஹாஜியாரே, நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்.”

“நீ ஹபீப் மக சுஹைர். என் எண்ணெயைக் கசக்குதுன்னு சொல்ற ஒரே ஆளு உங்கப்பன்தான்.”

“அறுபது டாக்டர்” என்று நஜ்வா பதறினாள்.

இனி யோசிக்க நேரமில்லை. பிரஷரை ஏற்றும் மருந்தை எடுத்து, சலைன் குழாயில் ஊசியைச் செருகப் போனாள் சுஹைர்.

தொப்பென்று ஒரு சத்தம். வஜ்தி முக்காலியோடு தரையில் கிடந்தான்.

ஓடிப்போய்க் குனிந்த நஜ்வா அப்படியே நின்றுவிட்டாள். ஹாஜியாரின் கையில் இருக்க வேண்டிய பிரஷர் பட்டை, வஜ்தியின் கையில் இறுக்கிச் சுற்றியிருந்தது.

“என்ன காரியம் ஹாஜியாரே இது? எனக்கு உயிரே போயிடுச்சு” என்றாள் சுஹைர். போடாத மருந்து ஊசியைத் தட்டில் வீசினாள்.

“போர்வை போத்தினதுமே கழட்டி அவன் கையில மாட்டச் சொன்னேன் மகளே. பயமில்லன்னு வாய் சொல்லுது. உடம்பு என்ன சொல்லுதுன்னு பாக்க வேணாமா?”

பட்டையை ஹாஜியார் கையில் கட்டிப் பார்த்தார்கள். நூற்று முப்பது. வஜ்தியின் கால்களை முக்காலிமேல் தூக்கி வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண் விழித்தான். எல்லாம் போச்சு என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது.

“மன்னிச்சிடுங்க மாமா. வேற நல்ல இடமாப் பாத்து ஒல்ஃபாவுக்கு...”

“வேற இடமா? கல்யாணத்துக்கு நாள் பாக்கச் சொல்லப் போறேன்” என்றார் ஹாஜியார். “எனக்கு ஏற்கெனவே மூணு மாப்பிள்ளைங்க. எவன் எப்ப பொய் சொல்றான்னே கண்டுபிடிக்க முடியல. பொய் சொன்னதும் பொத்துன்னு விழறவன் நீ ஒருத்தன்தான்.”