கப்பலில் போன பம்புகள்

“இதா பாருங்க கண்ணு, இந்தப் பச்சைப் புள்ளிதான் நம்ம கப்பலு.”

முதலாளி ரங்கராஜ் போனை உயர்த்திப் பிடித்தார். ஆப்பிரிக்காவின் அடிமூலையில் அந்தப் புள்ளி ஆமை வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தது.

கணபதி என்னும் ஊரில் இருந்த அவருடைய பம்பு பட்டறையில், பூட்டிக் கிடந்த குடோன் வாசலில் தொழிலாளிகள் பன்னிரண்டு பேரும் நின்று எட்டிப் பார்த்தார்கள். கருப்பாத்தாளும் பார்த்தாள். அன்னூருக்கு நாலே நாலு பம்பு ஏற்றிய டெம்போவின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பிவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் வந்திருந்தாள்.

கூட்டுவதும் பெட்டி கட்டுவதும் அவள் வேலை. பதினோரு வருடமாக, ஒவ்வொரு லோடு கிளம்பும்போதும் எலுமிச்சம்பழம் வைப்பதும் அவள்தான். அவள் கைராசியின் மேல் முதலாளிக்கு அப்படியொரு நம்பிக்கை. ஒருமுறை காய்ச்சலில் கிடந்தவளை ஆட்டோ அனுப்பி வரவழைத்த பிறகுதான் லாரியைக் கிளம்பவே விட்டார்.

“செங்கடல்ல சண்டை. கப்பலு ஆப்பிரிக்காவையே சுத்திக்கிட்டுப் போகுது. நம்ம எரநூறு பம்பும் அதுக்குள்ள மாட்டிக்கிச்சு. வாடகை வேற மூணு மடங்காம். நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க.” ரங்கராஜ் ஒரு தாளை விரித்தார். “ஆறு பேரை நிறுத்தித்தான் ஆகோணும்.”

பெயர்களை வாசித்தார். போன மாதம் சம்பளம் கூட்டிக் கேட்ட அதே ஆறு பேர். எங்கோ கடலில் நடக்கிற சண்டைக்குக் கணபதியில் ஆள் பார்த்து அடிக்கத் தெரிந்திருந்தது.

‘என் சொந்த விருப்பத்தின்பேரில் விலகுகிறேன்’ என்று டைப் அடித்த தாள் முதலில் கதிரேசனிடம் வந்தது. வீட்டில் அவன் ஒருவன் சம்பாத்தியம்தான். பேனாவை வாங்கிக்கொண்டான்.

கருப்பாத்தாள் முன்னால் வந்தாள். “கதிரேசா, கையெழுத்துப் போடாத. செத்த இரு.”

ரங்கராஜ் முகம் மாறியது. “உனக்கென்ன கருப்பாத்தா? உம் பேரு லிஸ்ட்டுலயே இல்ல. பேசாம நின்னீன்னா உன் வேலை நெலைக்கும்.”

“அது போனாப் போகுதுங்க மொதலாளி. எனக்கு வெவரம் தெரியோணும். அந்த லோடு எப்பப் போச்சுங்க?”

“போன மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை. உங்களுக்கெல்லாம் லீவு. நானே ஒத்தையில நின்னு ஏத்தி உட்டேன்.”

“நம்ம கேட்டு வழியாத்தானுங்களா?”

“பின்ன, கப்பலு கணபதிக்கா வரும்?”

இரண்டு பேர் சிரித்தார்கள். கருப்பாத்தாள் சிரிக்கவில்லை. கதிரேசன் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். குடோன் கதவில் தொங்கிய புதுப் பூட்டை ஒருமுறை பார்த்துவிட்டு முதலாளியின் பக்கம் திரும்பினாள்.

“அப்ப, அன்னைக்கு எலுமிச்சம்பழம் வெச்சது ஆருங்க?”