மாமாவுக்குப் பிடித்த படம்

"இந்த ஞாயிறும் கறுப்பு வெள்ளைதானா?"

சமையலறைக்குள் வந்து, குரலை அடக்கிக்கொண்டு கேட்டான் கணவன்.

"அப்பாவுக்குப் பழைய படம்னா உசிருங்க. தனியா உக்காந்து பார்த்தா என்ன சந்தோஷம்? பக்கத்துல ஒரு ஆள் வேணாமா?" என்றாள் மனைவி, வெங்காயம் நறுக்கியபடியே.

"நீ உக்காரலாமே."

"எனக்குத் துணி தேய்க்கணும்."

போன வாரமும் அவளுக்குத் துணி தேய்க்க இருந்தது. அதற்கு முந்தின வாரம் தலைவலி. படம் ஓடும்போது மட்டும் வருகிற தலைவலி.

"முதல் நாளே சொன்னேன்ல, கடனேன்னு உக்காராதீங்க. நடுநடுவுல ஏதாவது கேளுங்க. அப்பதான் ரசிச்சுப் பாக்கறீங்கன்னு நினைப்பார்."

அவன் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க அடுக்குமாடிகளில் தொங்கிவிட்டு வருகிறவன், ஞாயிற்றுக்கிழமையாவது காலை நீட்டிப் படுக்க ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் மாமனார் விஷயமாயிற்றே.

மாமனார் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளின் காதல் கல்யாணத்துக்கு அவர் மனதாரச் சம்மதிக்கவில்லை. "மேலயும் கீழயும் போயிட்டு வர்ற வேலை. இதுல எங்க முன்னேறறது?" என்று கேட்டவர். மனைவி காலமான பிறகு தனியாக இருக்க முடியாமல் மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். வந்த புதிதில், மருமகன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, "அந்த ஃபேனைக் குறைக்கச் சொல்லும்மா" என்று மகளிடம் சொல்வார். "குறைச்சாச்சுன்னு சொல்லு" என்பான் இவன்.

அதற்கப்புறம்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைப் படங்கள் ஆரம்பித்தன.

முதல் படத்தில் கதாநாயகி ஜன்னல் ஓரமாக நின்று அழுதாள். அழுது முடித்துவிட்டாள் என்று இவன் நிம்மதியானபோது, வேறு ஜன்னலுக்குப் போய் அழுதாள்.

ஏதாவது கேட்க வேண்டுமே. "இவங்க ஏன் மாமா அழறாங்க?"

மாமனார் கொஞ்ச நேரம் யோசித்தார். "அதானே மாப்பிள்ளை" என்றார்.

அன்றைய பேச்சு அவ்வளவுதான்.

அடுத்த வாரப் படத்தில் ஒரு பழைய லிஃப்ட் வந்தது. இவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"மாமா, அந்தக் கதவைப் பாருங்க. மடக்குக் கதவு. கையால இழுத்துச் சாத்தினாத்தான் நகரும். நான் தொழில் கத்துக்கிட்டதே இந்த மாதிரி ஒண்ணுலதான்."

"அப்படியா? நடுவழியில நின்னுட்டா?"

இவன் விளக்கி முடிப்பதற்குள் கதாநாயகன் செத்துப் போயிருந்தான். இருவருமே கவனிக்கவில்லை.

அதற்கடுத்த வாரம் மாமனாரே ஆரம்பித்தார். "மாப்பிள்ளை, இந்தத் தெருவைப் பாருங்க. பின்னாடி இருக்கிற வீடெல்லாம் துணியில வரைஞ்சது. கோணமே தப்பு. இந்தக் கணக்குல கட்டினா, வீட்டுக்காரன் தன் வாசல்ல நுழைஞ்சு பக்கத்து வீட்டு அடுப்படியில போய் நிப்பான்."

இவன் வாய்விட்டுச் சிரித்தான். உள் அறையில் இஸ்திரிப் பெட்டியின் சத்தம் ஒரு நிமிடம் நின்று, மறுபடி கேட்டது.

இன்றைக்கு அந்தச் சத்தமும் இல்லை. மனைவி வேலை பார்க்கும் மருந்துக் கடையில் ஆள் வரவில்லை என்று அழைப்பு வர, அவள் சமையலை முடித்த கையோடு கிளம்பிவிட்டாள். வீட்டில் மாமனாரும் மருமகனும் மட்டும். ரிமோட் நடுவில் கிடந்தது.

"என்ன படம் போடட்டும் மாமா?"

"உங்களுக்குப் பிடிச்சதைப் போடுங்க."

"இல்ல மாமா, உங்களுக்குப் பிடிச்சது."

"எனக்கென்ன இருக்கு. நீங்க ரசிச்சுப் பார்த்தா சரி."

டிவி காத்திருந்தது. மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாப்பிள்ளை, தப்பா நினைக்கலேன்னா ஒண்ணு சொல்றேன். இந்தப் படங்களைப் பார்த்தா எனக்குச் சின்ன வயசுலேருந்தே தூக்கம்தான் வரும். நீங்க ஆசைப்படறீங்களேன்னுதான் கண்ணைக் கசக்கிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"நான் ஆசைப்படறேனா? யார் சொன்னது?"

"என் பொண்ணுதான். 'அவருக்கு அதுன்னா உசிருப்பா, கூட உக்காந்து பாக்க ஆளில்லாம தவிக்கறார்'னு சொன்னா."

அவனுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. "அதையேதான் மாமா என்கிட்ட உங்க பேரைப் போட்டுச் சொன்னா."

விடுதலை கிடைத்த சந்தோஷத்தில் வண்ணப் படம் ஒன்றைப் போட்டார்கள். முதல் காட்சியிலேயே ஒரு லாரி நிறைய ஆட்கள் அடி வாங்கிப் பறந்தார்கள். விழுந்தவர்கள் எழுந்து வந்து மறுபடியும் பறந்தார்கள்.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மாமா."

"இவன் நம்மளப் பேசவே விட மாட்டேங்கறானே."

மருமகன் ரிமோட்டை எடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினான்.

சாயங்காலம் அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது, இருவரும் படத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

"வாம்மா, எங்களுக்கு ஒரு விளக்கம் வேணும்" என்றார் அப்பா. "இந்தப் படமெல்லாம் யாருக்கு உசிரு? எனக்கா, மாப்பிள்ளைக்கா?"

"மாமா கேக்கறாருல்ல, பதில் சொல்லு" என்றான் கணவன். "பெரியவரை இப்படியா ஏமாத்துவ? ஒரு மத்தியானத் தூக்கம் உண்டா அவருக்கு?"

"என்னை விடு. வாரம் பூரா உழைச்சுட்டு வர்ற மனுஷனை இப்படிப் பண்ணலாமா?"

"நல்லாக் கேளுங்க மாமா."

அவள் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. கண் மட்டும் லேசாகக் கலங்கியிருந்தது.

"எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. ரெண்டு பேரும் ஒரே கட்சியா நின்னு என்னைத் திட்டற நாள் வரணும்னுதான் இத்தனை படம் போட்டேன்."