நாற்பத்தேழாவது கருத்து

பக்கவாதம் வந்து ஏழு மாதமாக ஸ்டான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பழகிய எதையாவது காட்டிக்கொண்டே இருங்கள் என்றார் அவர்கள் வசித்த அமெரிக்க நகரமான மில்வாக்கியின் மருத்துவர். அதனால் பெர்னடெட் தினமும் காலையில், கணவருக்குப் பிடித்த பழைய டிவி நகைச்சுவைத் தொடரில் ஒரே எபிசோடைப் போட்டாள். அதில் சுவருக்கு வால்பேப்பர் எனும் அலங்காரக் காகிதம் ஒட்டும் ஒருவன், அறைக்குள் தன் மாமியார் இருப்பது தெரியாமல் கதவையும் சேர்த்து ஒட்டிவிடுவான். முடிந்ததும், இணையத்தில் பார்வையாளர்கள் எழுதிய கருத்துகளை வாசித்துக் காட்டுவாள்.

"கேளு ஸ்டான், 'இதுல சிரிக்க என்ன இருக்கு'ன்னு ஒருத்தன் கேட்டிருக்கான். பாவம், மாமியார் இல்லாதவன் போல."

மொத்தம் நாற்பத்தாறு கருத்துகள் இருந்தன. ஒரு திங்கட்கிழமை நாற்பத்தேழாவது வந்திருந்தது. எழுதியவர் பெர்னடெட், ஊர் மில்வாக்கி, தேதி வரப்போகிற வியாழக்கிழமை. "மாமியார் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்ததும் என் கணவர் பேசினார். ஐந்து நட்சத்திரம்."

பெர்னடெட் எங்கேயும் எதுவும் எழுதியதில்லை.

மகள் ஜெனீன் போனில் கத்தினாள். "எவனோ விளையாடுறான்மா. நம்பி ஏமாந்துடாதே."

"ஏமாந்தா வெள்ளிக்கிழமை அழுதுக்கறேன்டி."

வியாழனன்று ஸ்டானுக்குச் சவரம் செய்துவிட்டு எபிசோடைப் போட்டாள். காகிதம் கிழியத் தொடங்கியதும் டிவியின் சத்தத்தை முழுவதும் குறைத்தாள். திரைக்கு முதுகைக் காட்டி, அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

ஸ்டானின் தொண்டை ஏறி இறங்கியது.

"உங்கம்மான்னா," என்றார் மெதுவாக, "எப்பவோ வெளியே வந்திருப்பா."