விளக்கெண்ணெய் வாசம்

பொம்மை நீராவி எஞ்சினுக்கு எந்த எண்ணெய் ஊற்றுவது என்பதில்தான் எனக்கும் தம்பி வசந்தகுமாருக்கும் தீராத சண்டை. சிலிண்டருக்குள் போவது கொதிக்கும் ஆவி. அதில் கழுவிக்கொண்டு போகாத கெட்டியான ஸ்டீம் ஆயில்தான் சரி என்பேன் நான். விளக்கெண்ணெய் போதும் என்பான் அவன். ஓடும்போது வாசமாக இருக்குமாம். ஆறினால் பிசினாகப் பிடித்துக்கொள்ளும், மடையன்.

போன ஆடியில் பைக் விபத்தில் செத்துப்போனான். அதற்குப் பிறகு ஸ்டீம் ஆயில் மட்டும்தான். ஓட்டுவதும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

எஞ்சின் ஓடினால் எண்ணெய்க் கிண்ணத்தில் ஆவி குளிர்ந்து தண்ணீராகும். அந்தத் தண்ணீர் எண்ணெயை உள்ளே தள்ளும். நேற்று புதன்கிழமை, அறந்தாங்கியில் என் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். கிண்ணம் நிறையத் தண்ணீர். பாய்லர் சுட்டது. அறை முழுக்க விளக்கெண்ணெய் வாசம்.

அடுப்படியில் என் மனைவி செவந்தி காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“எஞ்சினைத் தொட்டியா?”

“நான் எதுக்குங்க தொடப்போறேன்? தம்பிதான் ஓட்டுச்சு. தெனமும் மத்தியானம் வருது. நீங்க வர்றதுக்குள்ள கெளம்பிரும்.”

தலையைத் தூக்காமல்தான் சொன்னாள்.

“என்கிட்ட ஏன்டி சொல்லல?”

“ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னு அதுதாங்க சொல்லுச்சு.”

மேடையில் இரண்டு தம்ளர் இருந்தது. ஒன்றை எடுக்கக் கை நீட்டினேன்.

“அது ஒங்களுக்கு இல்லங்க” என்றாள்.